மின்னஞ்சற் காவலரின் முப்பதாண்டுகள்

கடிதம் எழுதுவோர் பலர்; அதனைப் பெறுவோரும் பலர். இடையே நின்று அதனைக் காத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்போரைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரேயாவர். தபாற் கந்தோரின் கூண்டுக்கு அப்பால் நிகழும் முத்திரையிடல், தரம் பிரித்தல், பையிற் கட்டுதல் முதலிய வேலைகள் பொதுமக்களின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கடிதங்கள் ஒழுங்காக வந்துசேரும் காலத்தில் அவ்வேலைகளை எவரும் நினைப்பதுமில்லை. கடிதம் வாராத நாளிலேதான் தபாலதிபர் யாவர் என்னும் வினா எழுகின்றது. மின்னஞ்சலின் நிலையும் இதுவேயாகும்.

மின்னஞ்சலுக்கும் ஒரு தபாற் கந்தோர் உண்டு. அஞ்சற் சேவையகம் என்பது அதன் பெயர். இரவு பகலாக ஓயாது இயங்கும் ஒரு கணினியும், அதனுள் அமர்த்தப்பட்ட மென்பொருளும் சேர்ந்ததே அது. வரும் மடல்களை ஏற்றல், உரியவரின் பெட்டியில் இடுதல், செல்லும் மடல்களை வெளியே அனுப்புதல், யாவற்றையும் ஒரு தரவுத்தளத்தில் பேணிவைத்தல் ஆகியவை அதன் தொழில்கள். அச்சேவையகத்தைக் காத்து நிற்பவரை நிருவாகி என்பர். உலகெங்கும் அரசாங்கக் கந்தோர்களிலும் வணிக நிலையங்களிலும் கல்விக்கூடங்களிலும் பரவிய அஞ்சற் சேவையகங்களுள் முதன்மையான ஒன்று, மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் 1996 ஆம் ஆண்டில் வெளியிட்ட எக்ஸ்சேஞ்ச் சேவையகமாகும். அன்று தொடங்கி 2025 ஆம் ஆண்டுவரை அது பல பதிப்புகளைக் கண்டுள்ளது. பதிப்புக்குப் பதிப்பு அதன் காவலருக்கு நேர்ந்த மாற்றங்கள் யாவை என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றை மேலோட்டமாக நோக்குவோர், பதிப்பு மாறுதல் என்பது புதிய வசதிகளின் பட்டியல் என்றே கருதுவர். உண்மை அதுவன்று. மடல் எழுதுவோருக்கு இம்முப்பதாண்டுகளில் நேர்ந்த மாற்றம் சிறிது. முதற் பதிப்பின் காலத்தில் எழுதியவர் இன்றைய பதிப்பிலும் அதிக இடர்ப்பாடின்றி எழுதுவார். ஆனால், நிருவாகியின் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்னும் எல்லைக்கோடோ ஒவ்வொரு பதிப்பிலும் இடம்பெயர்ந்துள்ளது. அக்கோடு நகர்ந்ததை அறியாதிருந்தோர் பட்ட இன்னல்கள் பல.

எக்ஸ்சேஞ்சுக்கு முன்னர் அந்நிறுவனத்தார் மைக்ரோசொப்ட் மெயில் என்னும் ஒன்றை வழங்கிவந்தனர். அதில் அஞ்சலகம் என்பது பலர் பகிர்ந்துகொள்ளும் கோப்புகளின் தொகுதியேயன்றி வேறில்லை. ஒவ்வொரு பயனாளரின் கணினியும் தானே சென்று அக்கோப்புகளில் எழுதும்; தானே சென்று படிக்கும். தபாலதிபர் இல்லாத ஊரிலே, ஊரார் யாவரும் தபாற் கந்தோரின் திறப்பைக் கையில் வைத்திருந்து, தத்தம் கடிதங்களைத் தாமே பிரித்தெடுத்துச் செல்வதை இதற்கு ஒப்பிடலாம். சிறு கூட்டத்துக்கு இம்முறை போதும்; ஆயிரம் பேருக்கு இது தாங்காது. ஒருவர் கணினி நடுவழியில் நின்றால் பொதுக்கோப்பும் பழுதுபடும்.

1996 ஏப்பிரில் மாதத்தில் வெளிவந்த எக்ஸ்சேஞ்ச் இக்குறையைக் களைந்தது. முன்னைய மெயில் மென்பொருளின் மூன்றாம் வரிசைப் பதிப்புகளுக்கு வாரிசாகக் கொள்ளப்பட்டமையால், முதற் பதிப்பே 4.0 என இலக்கமிடப்பட்டது. இனிப் பயனாளர் கேட்பார். சேவையகம் எடுத்துக் கொடுக்கும். திறப்பு ஒருவர் கையில் வந்தது. அதனோடு பொறுப்பும் ஒருவர் தலையில் ஏறியது.

இப்பதிப்பில் அமைந்த ஒரு முறை இன்றளவும் மாறாது நிற்பதால், அதனை விளக்குதல் தகும். கடையிலே கணக்கெழுதுவோர் அன்றாட வரவு செலவை முதலில் நாளேட்டிற் பதிந்து, பின்னரே பேரேட்டுக்கு மாற்றுவர். பேரேடு தீப்பற்றினாலும் பழைய பிரதியொன்றும் நாளேடும் இருப்பின் கணக்கை மீண்டும் எழுதிவிடலாம். எக்ஸ்சேஞ்சும் அவ்வாறே ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டுக் கோப்பில் எழுதி, அதன் பின்னரே தரவுத்தளத்திற் சேர்க்கின்றது. முழுமையான காப்புப்பிரதி எடுக்கப்பட்ட பின்னரே பழைய பதிவேடுகள் நீக்கப்படும். காப்புப்பிரதி எடுக்க மறந்த நிருவாகியின் வட்டு, நாளடைவில் இப்பதிவேடுகளால் நிரம்பிவிடும். எழுத இடமின்றிப் போனதும் தரவுத்தளம் தானாகவே நின்றுவிடும். வசதியாகத் தரப்பட்ட அமைப்பு, கவனிப்பாரின்றி விடப்பட்டால் இடையூறாக மாறும் என்பதற்கு இது முதற் சான்றாகும்.

1997 ஆம் ஆண்டில் 5.0, 5.5 என்னும் இரு பதிப்புகள் வெளிவந்தன. முதற் பதிப்பு எக்ஸ்.400 எனப்படும் அனைத்துலகத் தராதரத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. ஆயின் உலகம் இணையத்தின் எளிய அஞ்சல் நெறிமுறையையே தேர்ந்துகொண்டது. ஆதலால் 5.0 ஆம் பதிப்பு இணைய அஞ்சலுக்கு உரிய இடமளித்தது. இணைய உலாவியின் வாயிலாக மடல் படிக்கும் வசதியும் அதனோடு வந்தது. 5.5 ஆம் பதிப்பில், பயனாளர் தவறுதலாக அழித்த மடலைக் குறித்த காலம்வரை சேவையகத்திலேயே வைத்திருந்து மீட்டுக்கொடுக்கும் வசதி அமைந்தது. அதுவரை ஒரு மடலுக்காகப் பழைய காப்புப்பிரதி முழுவதையும் வேறொரு கணினியில் மீட்டெடுக்க நேர்ந்த நிருவாகிகளுக்கு, இது பெரும் ஆறுதலாயிற்று.

அப்பதிப்பின் சாதாரண வகையில் தரவுத்தளம் 16 கிகாபைற்றுக்கு மேல் வளர இயலாது. அன்று அது பெரிய அளவாகவே தோன்றிற்று. படங்களும் நீண்ட இணைப்புகளும் மடலோடு வரத்தொடங்கியதும் பல கந்தோர்கள் அவ்வெல்லையை எட்டின. எல்லையை எட்டிய கணத்தில் தரவுத்தளம் நின்றுவிடும். வேண்டாதவற்றை அழித்தாலும் கோப்பின் அளவு குறையாது. சேவையை நிறுத்தி, தரவுத்தளத்தை முற்றாகச் செப்பனிட்டாலன்றி அது சுருங்காது. அதற்கோ தரவுத்தளத்தின் அளவினும் சற்று மிகுந்த வெற்றிடம் வட்டில் வேண்டும். இடம் போதாமையாற் செய்யப்படும் வேலைக்கே இடம் தேவைப்பட்ட விந்தை இது. இவ்வெல்லை 2005 ஆம் ஆண்டு ஒக்டோபரில், 2003 ஆம் பதிப்புக்கான இரண்டாம் சேவைப் பொதி வெளிவந்த பின்னரே 75 கிகாபைற்று வரை உயர்த்தப்பட்டது.

1997 ஒக்டோபரில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தையும் குறிப்பிடவேண்டும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் சொந்த அஞ்சலமைப்பிலே, பெட்லாம் டி.எல். 3 என்னும் பெயரில் பல்லாயிரம் ஊழியர்களைக் கொண்ட விநியோகப் பட்டியலொன்று இருந்தது. அதில் தம் பெயர் இருப்பதைக் கண்ட ஒருவர், தம்மை நீக்கிவிடுமாறு அப்பட்டியலுக்கே மடல் எழுதினார். அது யாவருக்கும் சென்றது. மற்றவர்களும் தம்மையும் நீக்குமாறு யாவருக்கும் எழுதினர். எழுதவேண்டாமென அறிவுறுத்தியோரும் யாவருக்குமே எழுதினர். ஏறத்தாழ ஒரு கோடியே ஐம்பது இலட்சம் மடல்களும் 195 கிகாபைற்றுத் தரவும் அவ்வமைப்பை நிலைகுலையச் செய்தன. செய்த கைக்கே சூடுபட்ட இவ்வனுபவத்தின் பயனாக, ஒரு மடலை எத்தனை பெறுநருக்கு அனுப்பலாம் என்பதற்கு வரம்பிடும் வசதி அமைக்கப்பட்டது. இன்று நிருவாகிகள் இயல்பெனக் கொள்ளும் பல வரம்புகள் இத்தகைய விபத்துகளிலிருந்தே பிறந்தவை.

2000 ஆம் ஆண்டுப் பதிப்பு முதற் பெருந் திருப்பமாகும். அதுவரை எக்ஸ்சேஞ்ச் தனக்கெனச் சொந்தமாக ஒரு விபரக்கொத்தை வைத்திருந்தது. யாருக்குப் பெட்டியுண்டு, அவர் முகவரி யாது, எந்தச் சேவையகத்தில் அவர் மடல்கள் உள்ளன என்பன யாவும் அதிலே எழுதப்பட்டிருந்தன. 2000 ஆம் பதிப்பு அச்சொந்த விபரக்கொத்தைக் கைவிட்டது. விண்டோஸ் வலையமைப்பு முழுமைக்கும் பொதுவான அக்டிவ் டிரெக்டரி என்னும் விபரக்கொத்தையே அது தன் ஏடாகக் கொண்டது.

இதனால் விளைந்தது வெறும் தொழில்நுட்ப மாற்றமன்று. முன்னர் அஞ்சலுக்கு ஒரு நிருவாகியும் வலையமைப்புக்கு வேறொரு நிருவாகியும் தத்தம் எல்லைக்குள் நின்று கருமமாற்றினர். இப்பொழுது அஞ்சல் நிருவாகி தம் சேவையகத்தை நிறுவுவதற்கு முன்னரே, பொதுவான விபரக்கொத்தின் அமைப்பை விரிவுபடுத்தவேண்டியதாயிற்று. அவ்விரிவு ஒருமுறை செய்யப்பட்டால் மீட்கமுடியாதது. அன்றியும் ஒரு முழு விபரக்கொத்துக்குள் ஒரேயொரு எக்ஸ்சேஞ்ச் அமைப்பே இருக்கலாம் என்னும் விதியும் இருந்தது. ஆகவே, ஒரே நிறுவனத்தின் இரு பகுதியினர் ஒருவரோடொருவர் கலந்து பேசாது இருந்துவிட முடியவில்லை. பெயர்கள் சீராக எழுதப்படாத கந்தோர்களிலே, ஒருவருக்கே இரண்டு கணக்குகள் இருந்தன. விலகிச் சென்றோரின் பெயர்களும் நீக்கப்படாதிருந்தன. பழைய விபரக்கொத்தையும் புதியதையும் ஒப்பவைக்க இணைப்பி ஒன்று தரப்பட்டது உண்மையே. எனினும், வீட்டைத் துப்புரவு செய்யாது குடிபெயர்ந்தவர் பழைய குப்பையையும் உடன் கொண்டுசெல்வது போல, ஏட்டைத் திருத்தாது மாறியோர் பிழைகளையும் உடன்கொண்டு சென்றனர்.

2003 ஆம் பதிப்பு இதே அடித்தளத்தின்மீது எழுந்தது. கந்தோருக்கு வெளியே இருப்போர், தனியான பாதுகாப்பு இணைப்பு எதுவுமின்றி, சாதாரண இணைய வழியாகவே தம் அவுட்லுக் மென்பொருளைச் சேவையகத்தோடு தொடுக்க அது வழிசெய்தது. பயனாளருக்கு இது நன்மை. நிருவாகிக்கோ கந்தோரின் மதிலில் ஒரு புதிய வாயில் திறக்கப்பட்டது. அவ்வாயிலைக் காக்கும் கடமை எத்துணைப் பெரிது என்பது பிற்காலத்திலேதான் தெளிவாயிற்று.

2006 ஆம் ஆண்டு டிசெம்பரில் நிறைவுபெற்ற 2007 ஆம் பதிப்பு இரண்டாவது பெருந் திருப்பம். அது மூன்று வகைகளில் நிருவாகியின் பழக்கங்களை மாற்றிற்று. முதலாவதாக, நடைமுறைப் பயன்பாட்டுக்கு 64 பிற்றுக் கணினிகளிலன்றி அது இயங்காது. ஆகவே இருந்த கணினியிலேயே பழைய பதிப்பின்மேற் புதியதை நிறுவும் வழி அடைபட்டது. புதிய கணினி வாங்கி, அதிற் புதிய பதிப்பை நிறுவி, பெட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின்னரே பழையதை அகற்ற வேண்டும். இம்முறையே அதன்பின் நெடுங்காலம் வழக்காயிற்று. செலவு மிகுந்தது, ஆயினும் மிகப்பெரிய நினைவகத்தைப் பயன்படுத்த முடிந்தமையால், வட்டை அடிக்கடி நாடவேண்டிய தேவை பெரிதும் குறைந்தது.

இரண்டாவதாக, பவர்ஷெல் என்னும் கட்டளை மொழி நிருவாகத்தின் அடித்தளமாயிற்று. அதுவரை திரையிலுள்ள சாளரங்களிற் சுட்டித் தட்டியே வேலை செய்து பழகியோர், இப்பொழுது கட்டளைகளை எழுதக் கற்கவேண்டியிருந்தது. சாளரங்கள் இருந்தன எனினும், அவையும் உள்ளே கட்டளைகளையே இயக்கின. ஒரு வேலை முடிந்ததும் அதற்குரிய கட்டளை யாதென்பதையும் காட்டின. பலர் இதனைப் பின்னோக்கிய பயணமென்றே முதலிற் கருதினர். ஐந்நூறு பேரின் பெட்டி அளவை மாற்றவேண்டிய நாளிலே அவர்தம் கருத்தும் மாறிற்று. சுட்டித் தட்டினால் ஐந்நூறு முறை. எழுதினால் ஒரே வரி. ஆனால் அவ்வொரு வரியிற் பிழை நேரின், அப்பிழையும் ஐந்நூறு பேருக்கு நேரும். கைவேலையின் தாமதம் போனது. அத்தாமதம் தந்த பாதுகாப்பும் உடன் போனது.

மூன்றாவதாக, சேவையகத்தின் தொழில்கள் ஐந்து பாத்திரங்களாகப் பிரிக்கப்பட்டன. பெட்டிகளைப் பேணுவது ஒன்று. பயனாளரை வரவேற்பது ஒன்று. மடல்களைக் கடத்துவது ஒன்று. தொலைபேசிக் குரலை அஞ்சலோடு இணைப்பது ஒன்று. வலையமைப்பின் விளிம்பில் நின்று வேண்டாத மடல்களைத் தடுப்பது ஒன்று. அக்காலக் கணினிகளின் ஆற்றல் குறைவு. ஆதலின் தொழிலைப் பிரித்துப் பல கணினிகளுக்குப் பங்கிடுவது அறிவுடைமையாகவே கருதப்பட்டது.

2009 ஆம் ஆண்டு நவெம்பரில் வெளியிடப்பட்ட 2010 ஆம் பதிப்பு, இழப்பைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. அதுவரை ஒரு கடிதம் நூறு பேருக்குச் சென்றால், ஒரே தரவுத்தளத்தில் அதன் ஒரு பிரதியே வைக்கப்படும். வட்டின் விலை மிகுந்த காலத்தின் சிக்கனம் அது. வட்டு மலிந்ததும் அச்சிக்கனம் கைவிடப்பட்டது. அதற்கு மாறாக, ஒரு முழுத் தரவுத்தளத்தையே பல சேவையகங்களில் பிரதிசெய்து வைக்கும் முறை வந்தது. பதினாறு சேவையகங்கள் வரை ஒரு குழுவாகச் சேரலாம். ஒன்று வீழ்ந்தால், அதிலிருந்த தரவுத்தளத்தின் பிரதி மற்றொன்றில் உயிர்பெறும். நிருவாகி நள்ளிரவில் எழுந்து ஓடவேண்டியதில்லை. விடிந்தபின் வந்து பழுதைப் பார்க்கலாம். பெட்டியொன்றை வேறிடத்துக்கு மாற்றும்போது, பயனாளர் அதனைத் தொடர்ந்து பயன்படுத்தவும் இப்பதிப்பே வழிவகுத்தது. எவருக்கு எவ்வேலையைச் செய்ய உரிமையுண்டு என நுணுக்கமாக வகுத்தளிக்கும் முறையும் இதனோடு அறிமுகமாயிற்று. உதவியாளர் ஒருவருக்குப் பெட்டியின் பெயரைத் திருத்தும் அதிகாரத்தை மாத்திரம் கொடுத்து, ஏனைய யாவற்றையும் மறுக்க முடிந்தது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பிரதி வேறு, காப்பு வேறு. ஒரு மடல் அழிக்கப்பட்டால் அவ்வழிவும் எல்லாப் பிரதிகளுக்கும் செல்லும். இவ்வேறுபாட்டை உணராது காப்புப்பிரதி எடுப்பதைக் கைவிடுபவர், இயந்திரத்தின் வீழ்ச்சிக்கு அஞ்சி மனிதரின் தவறுக்கு வாயில் திறந்தவராவர்.

பிரித்தவை மீண்டும் கூடிய காலம் அடுத்தது. கணினிகளின் ஆற்றல் பெருகியதும், ஐந்து பாத்திரங்களால் விளைந்த சிக்கல் அவற்றின் பயனை விஞ்சிற்று. 2013 ஆம் பதிப்பு அவற்றை இரண்டாகச் சுருக்கிற்று. விளிம்புக் காவற் பாத்திரம் அதன் முதலாவது சேவைப் பொதியுடன் மீண்டது. 2015 ஒக்டோபரில் வந்த 2016 ஆம் பதிப்பில், உள்ளே ஒரே பெட்டிப் பாத்திரமும் விளிம்புக் காவலும் மாத்திரமே எஞ்சின. ஐந்தாகப் பிரித்ததும் தவறன்று. ஒன்றாகச் சேர்த்ததும் தவறன்று. ஒவ்வொன்றும் தன் காலத்துக் கருவியின் வலிமைக்கு ஏற்ற தீர்ப்பாகும்.

2013 ஆம் பதிப்பிலிருந்து நிருவாகத் திரையும் இணைய உலாவிக்குள் இடம்பெயர்ந்தது. அதனினும் முக்கியமானது புதுப்பிப்பு முறையின் மாற்றமாகும். முன்னர் சில ஆண்டுகளுக்கு ஒரு சேவைப் பொதி வரும்; இடையிடையே சிறு திருத்தங்கள் வரும். இப்பொழுது ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முழுப் பதிப்பையே மீண்டும் நிறுவுவதற்கு ஒப்பான திரட்டுப் புதுப்பிப்புகள் வரத்தொடங்கின. 2022 ஆம் ஆண்டில் இது ஆண்டுக்கு இருமுறை என மாற்றப்பட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் அண்மைய புதுப்பிப்புகளுக்கே வழங்கப்படும். ஆகவே ஒருமுறை நிறுவிவிட்டு ஐந்தாண்டு உறங்கும் வழக்கம் இனிச் செல்லாது.

இதனோடு மற்றொரு விதியும் சேர்ந்து நின்றது. ஒரு புதிய பதிப்பு தனக்கு முந்திய இரண்டு பதிப்புகளுடனேயே ஒரே அமைப்பிற் கூடிவாழும். 2003 இருக்கும் இடத்தில் 2013 ஐ நிறுவ இயலாது. 2007 இருக்கும் இடத்தில் 2016 ஐயும், 2010 இருக்கும் இடத்தில் 2019 ஐயும் நிறுவ இயலாது. பணத்தை மிச்சம்பிடிப்பதாக எண்ணிப் பதிப்புகளைத் தாண்டவிட்ட நிறுவனத்தார், இடைப்பட்ட பதிப்பொன்றை நிறுவி, யாவரையும் அதற்கு மாற்றி, மீண்டும் ஒருமுறை மாற்றவேண்டிய நிலைக்கு ஆளாயினர்.

இதற்கிடையில், 2011 யூன் மாதத்தில் அந்நிறுவனம் ஒபிஸ் 365 என்னும் சேவையைத் தொடக்கிற்று. அதன்படி அஞ்சற் சேவையகம் வாடிக்கையாளரின் கந்தோரில் இருக்கவேண்டியதில்லை. அந்நிறுவனத்தின் சொந்தத் தரவு நிலையங்களிலேயே அது இயங்கும். பலர் தம் பெட்டிகளை அங்கே அனுப்பினர். வேறு பலர் பாதியை அங்கும் பாதியை இங்கும் வைத்தனர். சட்டத்தினாலோ, இணைய இணைப்பின் மெலிவினாலோ, தம் கடிதங்கள் தம் கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்னும் கொள்கையினாலோ, முற்றாக இங்கேயே நின்றோரும் உளர். 2018 ஒக்டோபரில் வெளிவந்த 2019 ஆம் பதிப்பு இவ்வாறு நின்ற பெரிய நிறுவனங்களை நோக்கியே ஆக்கப்பட்டது. பெட்டிப் பாத்திரத்துக்கு 128 கிகாபைற்று நினைவகம் வேண்டும் என்னும் அதன் பரிந்துரையே இதற்குச் சான்று. தொலைபேசிக் குரலை அஞ்சலோடு இணைக்கும் வசதி அப்பதிப்பில் நீக்கப்பட்டது. பதிப்பு மாறுகையிற் சேர்வனவற்றைப் போலவே நீங்குவனவற்றையும் நிருவாகி படித்தறிதல் வேண்டும்.

2021 மார்ச் 2 ஆம் திகதி, எக்ஸ்சேஞ்சின் வரலாற்றில் மறக்கமுடியாத நாள். சேவையகத்தில் இருந்த நான்கு குறைபாடுகளைக் கொண்டு ஊடுருவுவோர் ஏற்கெனவே உட்புகுந்துகொண்டிருக்கின்றனர் என்னும் அறிவித்தலுடன், 2013, 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்குத் திருத்தங்கள் வெளியிடப்பட்டன. கடவுச்சொல் எதுவும் அறியாமலே இணையத்தின் வழியாகப் புகுந்து, சேவையகத்தைக் கைப்பற்ற அக்குறைபாடுகள் இடமளித்தன. உலகெங்கும் பல்லாயிரம் சேவையகங்கள் இதற்கு இலக்காயின. புதுப்பிப்புகளைக் காலந்தோறும் நிறுவிவந்தோர் அன்றே திருத்தத்தை இட்டனர். பின்தங்கியிருந்தோர் முதலிற் புதுப்பிப்பை நிறுவி, அதன்பின்னரே திருத்தத்தை இடவேண்டியிருந்தது. பழைய புதுப்பிப்புகளுக்கான திருத்தங்கள் சில நாட்களின் பின்னரே வந்தன. அந்தச் சில மணி நேரமும் சில நாட்களுமே பலருக்குக் கேடாயின. அன்றியும், திருத்தம் கதவை அடைக்குமேயன்றி முன்னரே உட்புகுந்தவனை வெளியேற்றாது. ஊடுருவுவோர் விட்டுச்சென்ற மறைவான நிரல்களைத் தேடி அகற்றுவது தனி வேலையாயிற்று. அமெரிக்காவிலே, உரிமையாளர் அகற்றாதுவிட்ட நூற்றுக்கணக்கான கணினிகளிலிருந்து அவற்றை அழிப்பதற்கு, அந்நாட்டுக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையினர் நீதிமன்ற அனுமதி பெற்றுச் செயற்பட்டனர் என்பது 2021 ஏப்பிரிலில் அறிவிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டின் முதல் நாளிலேயே வேறொரு வகையான சோதனை வந்தது. தீங்கான மடல்களைச் சோதிக்கும் பகுதி, தன் பதிப்பு இலக்கத்தைத் திகதியைக் கொண்டு அமைத்துவந்தது. 2022 சனவரி 1 ஆம் திகதிக்குரிய இலக்கம் 2201010001 ஆயிற்று. அவ்விலக்கத்தை ஏற்கும் இடத்திலோ 2147483647 க்கு மேற்பட்ட எண்ணை எழுதமுடியாது. இலக்கம் கொள்ளாமற்போகவே சோதிப்பான் நின்றது. 2016, 2019 ஆகிய பதிப்புகளில் மடல்கள் வரிசையிற் தேங்கின. உலகம் புத்தாண்டைக் கொண்டாடிய வேளையில், நிருவாகிகள் சேவையகத்தின் முன் அமர்ந்திருந்தனர். தீர்வாகப் புதிய பொதிக்கு 2112330001 என்னும் இலக்கம் இடப்பட்டது. அதனைத் திகதியாகப் படித்தால் 2021 டிசெம்பர் 33 ஆம் நாளாகும். நாட்காட்டியில் இல்லாத அந்நாளே அன்று அஞ்சலை ஓடச்செய்தது.

2021 மார்ச் நிகழ்வின் பின்னர் எல்லைக்கோடு மீண்டும் நகர்ந்தது. அவசரக் குறைபாடுகள் தெரியவந்தால் தற்காலிகத் தடுப்புகளைத் தானாகவே தருவித்து நிறுவும் சேவையொன்று 2021 செப்ரெம்பரில் எக்ஸ்சேஞ்சில் இணைக்கப்பட்டது. கைவிடப்பட்ட பழைய பதிப்புகளிலிருந்து தம் தரவு நிலையங்களுக்கு வரும் மடல்களைப் படிப்படியாக மந்தப்படுத்தி, இறுதியில் மறுக்கும் திட்டத்தையும் அந்நிறுவனம் 2023 இல் அறிவித்தது. இருபுறமும் இணைந்த அமைப்புகளிலுள்ள 2007 ஆம் பதிப்பிலிருந்தே அது தொடங்கிற்று. பழையதை வைத்திருப்பது உரிமையாளரின் சொந்த விடயம் என்னும் நிலை மாறி, அயலாருக்கும் அது கேடு என்னும் நிலை உண்டாயிற்று.

2025 யூலை 1 ஆம் திகதி சந்தாப் பதிப்பு எனப் பொருள்படும் புதிய பதிப்பு வெளிவந்தது. ஆண்டின் இலக்கம் பெயரிலிருந்து நீங்கிற்று. 2019 ஆம் பதிப்பின் இறுதியான திரட்டுப் புதுப்பிப்பின் நிரலையே பெரும்பாலும் கொண்டிருந்தமையால், அதனை ஒழுங்காகப் பேணியோர் சாதாரண புதுப்பிப்பை நிறுவுவது போலவே, இருந்த கணினியிலேயே இதற்கு மாற முடிந்தது. 2007 இல் அடைபட்ட வழி, உழைத்தோருக்கு மாத்திரம் மீண்டும் திறந்தது எனலாம். 2016 இல் நின்றோரோ முன்போலப் புதிய கணினிக்குப் பெட்டிகளை மாற்றவேண்டியவராயினர். அதே ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதி 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கும் வழமையான ஆதரவு முடிவுற்றது. ஒருமுறை வாங்கி நெடுங்காலம் வைத்திருக்கும் பொருளாக இருந்த அஞ்சற் சேவையகம், காலந்தோறும் கட்டணமும் கவனமும் செலுத்திப் பேணவேண்டிய ஒன்றாயிற்று.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. பதிப்புகள் நிருவாகியின் பழைய சுமைகளைக் குறைத்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொரு சுமையை வைத்தன. வட்டு நிரம்புமோ என்னும் கவலை சென்று, கட்டளையிற் பிழை நேருமோ என்னும் கவலை வந்தது. இயந்திரம் வீழுமோ என்னும் அச்சம் தணிந்து, அந்நியர் புகுவரோ என்னும் அச்சம் வளர்ந்தது. இரண்டாவது, காலந்தாழ்த்துதலின் விலை ஆண்டுதோறும் ஏறியுள்ளது. 1997 இல் ஓராண்டு பின்தங்கியவருக்குச் சில வசதிகளே இல்லாமற்போயின. 2021 இல் சில நாட்கள் பின்தங்கியவர் சேவையகத்தையே இழந்தார். மூன்றாவது, அடிப்படைகள் மாறவில்லை. நாளேடு முதலில், பேரேடு பின்னர் என்னும் முறை முப்பதாண்டுகளாக நிலைத்துள்ளது. காப்புப்பிரதியும் திருத்தமான பெயரேடும் அன்றுபோல் இன்றும் இன்றியமையாதன.

அஞ்சற் சேவையகம் எங்கே இருத்தல் வேண்டும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் நிலைக்கேற்பத் தீர்மானிக்கும். பிறர் தரவு நிலையத்தில் ஒப்படைப்பதும், தம் கந்தோரிலே காப்பதும் தக்க காரணம் இருப்பின் ஏற்புடையனவே. ஆனால் தம்மிடம் வைத்துக்கொள்வதென முடிவுசெய்தோர், அதனைக் காக்கும் ஒருவருக்குக் கற்கும் நேரத்தையும், வேண்டிய கருவியையும், புதுப்பிப்பதற்காகச் சேவையைச் சில மணி நேரம் நிறுத்தும் அதிகாரத்தையும் அளித்தல் வேண்டும். 2021 மார்ச்சில் பொறுப்பு நிருவாகியின் தலையில் இருந்தது. அன்றே சேவையை நிறுத்தித் திருத்தும் அதிகாரமோ பல கந்தோர்களில் வேறொருவர் கையில் இருந்தது. அத்தகைய இடங்களிலே அடுத்த பதிப்பு எத்துணைச் சிறந்ததாயினும் பயன் விளையாது. பெட்டியிலே கிடக்கும் கடிதங்கள் நிறுவனத்துக்கோ நிருவாகிக்கோ மாத்திரம் உரியவையல்ல. அவற்றை நம்பி எழுதியோருக்கும் உரியவை.